கோழி இல்லாத அடை

கோழிச்சீக்கு வந்த வாரத்தில் ரப்பர் தோட்டத்தின் லயங்களில், அந்த வரிசை வீடுகளில், ஒரு சேவல்கூட மிஞ்சவில்லை. செத்தது பாதி, துரையின் உத்தரவில் கொன்றது பாதி. எல்லாவற்றையும் ஆற்றோரம் குழி வெட்டிப் போட்டுச் சுண்ணாம்பைத் தூவி மூடினார்கள். மறுநாள் விடியலில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டில், தோட்டத்துக் கணக்கரான கிராணி சதாசிவம் இரண்டு அறிவிப்புகளை ஒரே மூச்சில் படித்தார். மறு உத்தரவு வரும்வரை யாரும் வெளியிலிருந்து தோட்டத்துக்குள் கோழி கொண்டுவரக் கூடாது. இது முதலாவது. ரப்பர் விலை படுத்துவிட்டதால் ஆள் குறைக்கப் போகிறார்கள். ஊருக்குத் திரும்ப நினைப்பவர்கள் பேர் கொடுக்கலாம். இன்றிலிருந்து ஐம்பதாம் நாள் ஈப்போ ரயிலடிக்கு லாரி, அங்கிருந்து பினாங்கு, பினாங்கிலிருந்து கப்பல், எல்லாம் இலவசம். இது இரண்டாவது.

முதலாவதைக் கேட்டு முணுமுணுத்தவர்கள் இரண்டாவதைக் கேட்டு நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. வீரம்மா மட்டும் ரப்பர் பால் எடுக்கும் வாளியைத் தரையில் வைத்துவிட்டு நேரே கிராணியின் மேசைக்குப் போனாள்.

"என் பேரை எழுதிக்குங்கய்யா."

"புருசன் பேரு?"

"அவரு வரமாட்டாரு. என் பேரை மட்டும் எழுதுங்க."

பின்வரிசையில் நின்ற சன்னாசிக்கு அது காதில் விழுந்தது. நூறு பேருக்கு நடுவே பெண்டாட்டி கைவிட்டுப் போகிறாள் என்பதைப் பெரட்டில் வைத்துத் தெரிந்துகொண்ட புருஷன் அந்தத் தோட்டத்தில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான். கோபம் வரவேண்டிய இடத்தில் அவனுக்குப் பயம் வந்தது. அவள் விளையாட்டுக்குப் பேசுகிறவள் இல்லை.

சன்னாசி புகைவீட்டுக்காரன். உறைந்த பாலை உருளையில் நசுக்கி எடுத்த ரப்பர் சீட்டுகளைக் கழிகளில் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டி, நாள் கணக்கில் புகையில் காயவைத்துப் பொன்னிறமாக்கிக் கொடுப்பது அவன் வேலை. ஒன்பது வருஷத்தில் அவன் கையில் ஒரு சீட்டில்கூடப் பூஞ்சணம் பிடித்ததில்லை. அதில் அவனுக்குக் கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. "ஈரம்னாலே எனக்கு ஆகாது" என்று கள்ளுக்கடையில் உட்கார்ந்து சொல்வான், கையில் கள்ளை வைத்துக்கொண்டே.

ஊருக்குப் போய் அவன் என்ன செய்வான்? அங்கே அண்ணனுக்கு நிலம் இருந்தது, சன்னாசிக்கு அண்ணன்தான் இருந்தான். வீரம்மாவுக்கு ஒரு தங்கை இருந்தாள். அவள் வீட்டில் ஒரு மூலை கிடைத்தாலும் போதும் என்றுதான் இவள் கிளம்பினாள். அதற்குக் காரணமும் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால், மரம் நடாத மேட்டில் இரண்டு சின்னக் குழிகள். ஒன்று எட்டு மாசப் பையன், மற்றது மூன்று வயதுப் பெண். இரண்டையும் காய்ச்சல் கொண்டு போயிற்று. அதற்கப்புறம் வீரம்மா ஒரு செவலைக் கோழியை வளர்த்தாள். அதோடு பேசுவாள், திட்டுவாள், அது முட்டையிட்டால் லயம் பூராவும் சொல்லிக்கொண்டு வருவாள். அந்தக் கோழி சீக்கில் சாகவில்லை. நன்றாக இருந்ததை உத்தரவு என்று சொல்லிப் பிடித்துப்போய்க் கழுத்தைத் திருகினார்கள்.

அன்று சாயங்காலம் அவள் தவிட்டுப் பானையை இறக்கினாள். அடைவைக்கவென்று சேர்த்து வைத்திருந்த பதினோரு முட்டைகள் உள்ளே இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்ன புள்ள செய்யிற?"

"பாத்தா தெரியல? குழம்பு வைக்கிறேன்."

"அதை விடு. நான் பொரிக்க வைக்கிறேன்."

வீரம்மா திரும்பிப் பார்த்தாள். பல நாளுக்குப் பிறகு அவள் வாயில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. "கோழி இல்லாம முட்டை பொரிக்கப் போறியா? நீ மேல ஏறி உக்காரப் போறியா?"

"கோப்பெங் டவுன்ல ஒரு சீனன் வாத்து முட்டைய அப்படித்தான் பொரிக்கிறான். வறுத்த நெல்லுச் சூட்டுல. நான் பாத்திருக்கேன்லா."

"இந்த மண்ணுல என் கை பட்டது எதுவும் உசிரோட நிக்கலய்யா. பெத்ததும் நிக்கல, வளர்த்ததும் நிக்கல. நீ பொட்டியில வச்சா நிக்குமா?"

"ஒரு குஞ்சு நின்னாலும் நீ போகக் கூடாது. சரியா?"

அவள் குழம்புச் சட்டியைத் தள்ளி வைத்தாள். முட்டைகளைத் திரும்பத் தவிட்டுக்குள் வைத்தாள். சன்னாசி அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டான். எடுத்துக்கொள்ளாமல் அவனுக்கு வேறு வழியும் இல்லை.

பெட்டி செய்ய ஐந்து சாயங்காலம் பிடித்தது. சீட்டு ஏற்றி அனுப்பும் பலகைப் பெட்டிகளில் உடைந்த இரண்டை ஆலைக்குப் பின்னாலிருந்து கேட்டு வாங்கினான். ஒன்றைச் சிறிதாக அறுத்து மற்றதற்குள் இறக்கி, நடுவே இருந்த சந்தில் நெல் உமியைத் திணித்தான். மேலே ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தைப் படுக்கவைத்து, அதில் வெந்நீர் ஊற்றி, வாயை ஈயம் வைத்து அடைத்து, ஆவி போக ஒரு சின்னக் குழாயை மட்டும் வெளியே நீட்டிவிட்டான். தகரத்தின் ஒரு முனை பெட்டிக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அதன் அடியில் சிம்னி விளக்கு. விளக்கு தண்ணீரைச் சுடவைக்கும், தண்ணீர் பெட்டியைச் சுடவைக்கும், விளக்குப் புகை முட்டைப் பக்கம் வராது. புகை எங்கே இருக்கவேண்டும், எங்கே இருக்கக் கூடாது என்பதில் அவனை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. பக்கப் பலகையில் காற்றுப் போக நாலு ஓட்டை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டை மூடி. முன்பக்கம் ஒரு சின்னக் கதவு, அதில் உடைந்த கண்ணாடி ஒரு துண்டு.

முட்டையின் ஒரு பக்கம் கரியால் புள்ளி, மறுபக்கம் கோடு. தினம் மூன்று தடவை புரட்ட வேண்டும், எது புரண்டது எது புரளவில்லை என்று குழப்பம் வரக் கூடாது. சூட்டைப் பார்க்க அந்தச் சீனன் செய்ததையே செய்தான். முட்டையை எடுத்துக் கண்ணிமையில் ஒத்திப் பார்ப்பான். சுட்டால் திரியை இறக்குவான், சில்லென்றிருந்தால் ஏற்றுவான். அடைவைக்கும்போது இடி இறங்காமலிருக்கக் கூடையில் கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் இரும்பும் போடுவார்களே, அதையும் விடவில்லை. மழைக்காலத்தில் பேராக் சீமையில் இடிக்கா பஞ்சம்? மொட்டையாகிப்போன பால்வெட்டுக் கத்தி ஒன்றை மூலையில் வைத்தான். பெண்கள் செய்யும் காரியம் அது. வீரம்மா செய்யாததால் அவன் செய்தான். அவள் பார்த்துவிட்டுத் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

லயத்தில் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். "சன்னாசி அடையில இருக்கானாம்லா, கிட்ட போவாதீங்க, கொத்திருவான்" என்றான் பக்கத்து வீட்டுப் பத்துமலை. பெரட்டில் ஒருவன் கொக்கரித்துக் காட்டினான். சன்னாசி ஒன்றுக்கும் மசியவில்லை. புகைவீட்டு வேலையின் இடைவேளையில் ஓடிவந்து முட்டையைப் புரட்டிவிட்டு ஓடுவான். ராத்திரி மூன்று தடவை எழுந்து திரியைப் பார்ப்பான். தொடர்ந்து பன்னிரண்டு நாள் கள்ளுக்கடைப் பக்கம் தலைவைக்கவில்லை என்றால் அவன் பிடிவாதத்தை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஏழாம் நாள் ஒரு முட்டையை விளக்குக்கு எதிரே பிடித்தான். உள்ளே சிவப்பு நூல்களாக நரம்பு ஓடியது, நடுவே கறுப்பாக ஒரு புள்ளி துடித்தது. "வீரம்மா! வந்து பாரேன்" என்று கத்தினான். அவள் அடுப்பை விட்டு எழவில்லை. ஆனால் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். அவன் அதைக் கண்டுகொண்டான்.

பத்தாம் நாளிலிருந்து கண்ணாடியில் உள்பக்கம் வேர்த்தது. சன்னாசிக்குப் புகைவீட்டு ஞாபகம் வந்தது. புகைவீட்டில் சுவர் வேர்த்தால் மறுநாளே சீட்டில் பூஞ்சணம் வரும். துரை வந்து சீட்டை முகத்துக்கு நேரே நீட்டுவார். அவன் நாலு ஓட்டைகளின் மூடியையும் பிடுங்கினான். முட்டைக்கு அடியில் புதிதாகக் காயவைத்த மரத்தூளைப் பரப்பினான். கண்ணாடி தெளிந்தது. அவன் மனமும் தெளிந்தது. பெட்டிக்குள் அப்பளம் போட்டால் நொறுங்கும் என்கிற அளவுக்குக் காய்ந்த பிறகுதான் நிம்மதியாகச் சாப்பிட்டான்.

இருபதாம் நாள் முட்டைக்குள் சத்தம் கேட்டது. மெல்லிய கீச்சு. அன்று வீரம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். பெட்டியிலிருந்து இரண்டடி தள்ளி நின்றாள், கிட்ட வரவில்லை. தன் கை பட்டுவிடக் கூடாதென்று இரண்டு கையையும் சேலைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்திருந்தாள். இருபத்தோராம் நாள் ஏழு முட்டைகளில் கீறல் விழுந்தது. அதோடு நின்றது. இருபத்திரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் கீச்சுச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கிப் போயிற்று.

சன்னாசி சாயங்காலம் வரை காத்திருந்தான். பிறகு ஒரு முட்டையை எடுத்து ஓட்டை உரித்தான். உள்ளே முழுக் குஞ்சு. நகம் இருந்தது, அலகு இருந்தது, செவலை மயிர் இருந்தது. உயிர் மட்டும் இல்லை. இரண்டாவதை உரித்தான், மூன்றாவதை உரித்தான். நாலாவதை உரிக்கக் கை வரவில்லை. மேட்டில் இரண்டு தடவை மண் தள்ளியபோது அழாத மனுஷன் தரையில் உட்கார்ந்து அழுதான்.

வீரம்மா குனிந்து ஒரு குஞ்சைக் கையில் எடுத்தாள். புரட்டிப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது.

"என்னய்யா செஞ்சு வச்சிருக்க? உள்தோல் காஞ்சு குஞ்சோட ஒட்டிக்கிட்டு இருக்கு பாரு. தலையத் திருப்பக்கூட முடியாம செத்திருக்கு."

"சூடு சரியாத்தான் இருந்துச்சு புள்ள."

"சூடு இருந்துச்சு. ஈரம் எங்க? என் செவலை காலையில எறங்கி இரை தின்னப் போவும். புல்லுல பனி. நெஞ்சு பூரா நனைஞ்சு வந்துதான் முட்டை மேல உக்காரும். ஒரு நாளாவது பாத்திருக்கியா நீ? ரப்பர் சீட்டுன்னு நெனச்சிக்கிட்டுக் காயப் போட்டுட்டியேய்யா!"

சன்னாசி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளையே பார்த்தான். அவள் சொன்னது ஒவ்வொன்றும் உள்ளே இறங்கியது. அவன் வேர்வை வேர்வை என்று பயந்து பிடுங்கிய நாலு மூடிகளும் பெட்டிமேல் வரிசையாக இருந்தன. கொன்றது சீக்குமில்லை, மண்ணுமில்லை. அவன் கைதான், ஒன்பது வருஷம் பூஞ்சணத்துக்குப் பயந்து பழகிய கை. அவன் எழுந்து கூடையை எடுத்தான்.

"எங்கய்யா போற?"

"கம்பத்துக்கு. முட்டை வாங்க."

"செத்தது போதாதா?"

"ஏன் செத்துச்சுன்னு இப்பத் தெரிஞ்சிருச்சு. தெரிஞ்சப்புறம் விட்டா நான் மனுசனா?"

ஆற்றுக்கு அந்தப் பக்கம் மலாய்க்காரர் கிராமம், அதைக் கம்பம் என்பார்கள். அங்கே சீக்கு எட்டவில்லை. மறுநாள் அங்கிருந்து பதினாலு முட்டைகளை உமிக்குள் புதைத்துக் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தான். தோட்டத்து வாசலில் கிராணி சதாசிவம் மறித்தார். கெட்ட மனுஷர் இல்லை, ஆனால் உத்தரவு என்று எழுதியதைக் கண்டால் மனுஷனை மறந்துவிடுவார்.

"கூடையில என்ன?"

"முட்டைங்கய்யா."

"உத்தரவு தெரியுமில்ல?"

"கோழி கொண்டாரக் கூடாதுன்னுதான் படிச்சீங்க. முட்டையப் பத்தி ஒண்ணும் படிக்கலையேய்யா."

கிராணி யோசித்தார். அவர் படித்ததில் முட்டை இல்லைதான். "சரிலா, போ. ஆனா ஒண்ணு, உன் பெண்சாதி பேரு இன்னும் பட்டியல்லதான் இருக்கு. லாரி வர்றதுக்கு இருபத்திரண்டு நாள் இருக்கு" என்றார்.

இருபத்திரண்டு நாள். முட்டைக்கு வேண்டியது இருபத்தொன்று, ஆறிப்போன பெட்டி மறுபடி சூடேற ஒன்று. சன்னாசி வழி நெடுக விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தான். எப்படி எண்ணினாலும் முட்டை வெடிக்கிற அன்றுதான் லாரி வந்து நின்றது.

மறுநாள் வேலை விட்டு வந்து பெட்டியைத் திறந்தவன் அப்படியே நின்றான். மரத்தூளை யாரோ மாற்றியிருந்தார்கள். நாலு மூலையிலும் மரத்தில் பால் பிடிக்கும் பீங்கான் மங்கு ஒவ்வொன்று, நிறையத் தண்ணீர், அதில் நனைந்த துணித்துண்டு. நடுவே புதுக் கரித்துண்டு, காய்ந்த மிளகாய். மொட்டைக் கத்தியைக் காணோம். அந்த இடத்தில் வீரம்மா தினம் பால் வெட்டுகிற நல்ல கத்தி இருந்தது. நாளைக்கு எதை வைத்து வேலை செய்வாள் என்று அவன் கேட்கவில்லை. மறுநாள் அந்த மொட்டைக் கத்தியைத் தீட்டி எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்கப்புறம் புரட்டுவது அவள், விளக்கு அவன். ஊருக்குப் போகிற மூட்டை மூலையில் கட்டியபடியே இருந்தது. இருவரும் அதைச் சுற்றி நடந்தார்கள். சன்னாசி பட்ட பாடு பெரும்பாடு. கண்ணாடி வேர்த்து நீர் கோடுகோடாக இறங்கும். அவன் கை தானாக மூடிப் பக்கம் போகும். வீரம்மா பட்டென்று அடிப்பாள்.

"கை வைக்காதய்யா."

"ரொம்ப வேர்க்குதே புள்ள. ஒரே ஒரு மூடி மட்டும்..."

"உன் புகைவீட்டுல போய்த் தொற."

அவன் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காருவான். ஒன்பது வருஷத்துப் பழக்கத்தோடு தினமும் மல்லுக்கட்டினான். ஒரு நாள் பெருமழையில் கூரை ஒழுகி விளக்கு அணைந்தது. வீரம்மா முட்டைகளைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அவன் திரியைக் காயவைத்து ஏற்றினான். தகரம் சூடேறும் வரை அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இடி இடித்தபோதெல்லாம் அவள் மடியை இறுக்கிக்கொண்டாள். தன் கை பட்டால் எதுவும் நிற்காது என்று சொன்னவள்தான் அவள். சன்னாசிக்கு அது ஞாபகம் வந்தது. நல்லவேளையாக வாயை மூடிக்கொண்டிருந்தான்.

பதினெட்டாம் நாளிலிருந்து அவள் விடிந்ததும் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, ஒவ்வொரு முட்டையையும் உள்ளங்கையால் தடவினாள். செவலைக் கோழியின் நனைந்த நெஞ்சு எப்படிப் படுமோ அப்படி. இரண்டு முட்டை கூமுட்டை என்று எடுத்து வெளியே போட்டாள். மிச்சம் பன்னிரண்டு.

லாரி வந்த காலையில் மழை இல்லை. ஆபீஸ் முன்னால் லாரியின் ஹாரன் இரண்டு தடவை அடித்தது. லயத்தில் அழுகையும் கூச்சலும் பெட்டி இழுக்கிற சத்தமும். சன்னாசி வீட்டில் மட்டும் சத்தமில்லை. ஒன்பது முட்டைகளில் கீறல் விழுந்திருந்தது. ஒன்றுகூட உடைந்து திறக்கவில்லை. வீரம்மா பெட்டிக்கு முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து கண்ணாடியில் முகத்தை வைத்திருந்தாள்.

சன்னாசி கீறல்களை மறுபடி எண்ணினான். போன தடவையும் இப்படித்தான், கீறல் வரை வந்தது. ஒரு குஞ்சு நின்றால் போகக் கூடாது என்று கேட்டது அவன். குஞ்சு இன்னும் வரவில்லை, லாரி வந்துவிட்டது. பேச்சு என்றால் பேச்சு. அவன் மூலைக்குப் போய் மூட்டையைத் தூக்கி வாசலில் வைத்தான். அவன் ஆயுசில் தூக்கியதிலேயே கனமான மூட்டை அதுதான். உள்ளே இருந்ததோ இரண்டு சேலையும் ஒரு செம்பும்.

கிராணி சதாசிவம் பட்டியலோடு வாசலுக்கே வந்துவிட்டார். "வீரம்மா! எல்லாரும் ஏறியாச்சு. உன் ஒருத்திக்காக லாரி நிக்குது, வா."

அவள் திரும்பவில்லை. "வர முடியாதுங்கய்யா. நான் அடையில இருக்கேன்."

"என்னது?"

"அடையில இருக்கேங்கய்யா. எந்திரிச்சா முட்டை ஆறிப் போயிரும்."

கிராணி சன்னாசியைப் பார்த்தார். "இது போனா அடுத்த கப்பல் எப்பன்னு தெரியாதும்மா. நல்லா யோசிச்சுக்க."

"போவட்டுங்கய்யா."

கிராணி வாசற்படியில் ஒரு காலை ஊன்றி, பட்டியலை முழங்காலில் வைத்துப் பேரை அடித்தார். காரணம் எழுதுகிற கட்டத்தில் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்ன எழுதினாரோ, சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார். லாரி கிளம்பிய சத்தம் கேட்டது. பிறகு தோட்டத்துச் சாலையில் அந்தச் சத்தமும் தேய்ந்தது.

சன்னாசி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "இன்னும் ஒண்ணுகூட வரலையே புள்ள."

"அதுக்கு?"

"ஒண்ணு நின்னா இருன்னுதானே நான் கேட்டேன்?"

"நீ கேட்ட. நான் சரின்னு சொன்னேனா?" என்றாள் வீரம்மா. "ஒண்ணுமே வராட்டிப் போனாலும் மறுபடி வைக்கணும்ல? நான் போயிட்டா நீ நாலு மூடியையும் புடுங்கிருவ."

சன்னாசிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எதை முதலில் விடுவதென்று தெரியாமல் தும்மினான். அவள் மறுபடி கையை நனைத்துக் கதவை ஒரு விரல் அகலம் திறந்து, கீறல் விழுந்த முட்டையை மெல்லத் தடவினாள். உள்ளே அலகு ஒன்று ஓட்டைக் கொத்தியது. ஒரு சில்லு விழுந்தது. இன்னொரு சில்லு. ஓடு வட்டமாகப் பிளந்து, ஈரம் சொட்டச்சொட்ட ஒரு குஞ்சு அவள் உள்ளங்கையில் சரிந்து விழுந்தது. தலையைத் தூக்கமாட்டாமல் தூக்கி, வாயைத் திறந்து கத்தியது.

"நிக்குது" என்றான் சன்னாசி. அது இன்னும் நிற்கவில்லை, படுத்துத்தான் கிடந்தது. ஆனால் அவனைத் திருத்த வீரம்மா முயலவில்லை. கண்ணிலிருந்து நீர் இறங்கிக் குஞ்சின் மேல் விழுந்தது. அதைத் துடைக்கவும் இல்லை.

"அந்த மூட்டைய அவிழுய்யா" என்றாள். "மேல ஒரு புதுச்சேலை இருக்கும், எடு."

கப்பலில் கட்டிக்கொள்ள என்று மடித்து வைத்திருந்த சேலை அது. அவன் எடுத்துக் கொடுத்தான். அவள் அதை நாலாக மடித்துக் கூடையில் விரித்து, குஞ்சை அதன் நடுவே வைத்தாள். பிறகு கையை மறுபடி தண்ணீரில் நனைத்தாள். இன்னும் பதினொன்று இருந்தது.